கொட்டகையில் நிற்கும் லாரி: எடைக்குப் போடுவதா, எழுப்புவதா?

கேள்வி: "அப்பா குச்சிக்கிழங்கு ஏற்றி சேகோ ஃபேக்டரிக்கு ஓட்டிய லாரி, தோட்டத்துக் கொட்டகையில் 28 வருஷமாக நிற்கிறது. அப்பா அதை 'பென்ஸ்' என்றே சொல்வார். முன்கிரில் இல்லை. எந்த வருஷத்து வண்டி, என்ன மாடல் என்று எங்களுக்குத் தெரியாது. அப்பா போன வருஷம் தவறிவிட்டார். தம்பி இரும்புக்கடையில் போட்டுவிடலாம் என்கிறான். வியாபாரி வந்து பார்த்து மொத்தமாக ஒரு விலை சொல்லிப் போயிருக்கிறார். டிப்ளமோ படிக்கும் என் மகன், சரிசெய்து நம் கிழங்கை நாமே ஏற்றலாம் என்கிறான். எஞ்சினை மட்டும் கழற்றிக் கிணற்றுக்கு வைத்தால் என்ன என்பது என் யோசனை. எது சரி?" (நாமக்கல் மாவட்ட வாசகர்)

பதில்: விற்பதா வைப்பதா என்பது இரண்டாவது கேள்வி. கொட்டகையில் நிற்பது எந்த வண்டி, அதில் இருப்பது எந்த எஞ்சின், அது யார் பெயரில் இருக்கிறது என்ற மூன்றும் தெரியாமல் எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் நஷ்டம்தான். வியாபாரிக்கு இந்த மூன்றில் இரண்டு பார்த்தவுடனே தெரிந்திருக்கும். வீட்டுக்காரருக்குத்தான் தெரியவில்லை.

'பென்ஸ்' என்ற பெயரை மட்டும் வைத்து வருஷத்தைச் சொல்ல முடியாது. டெல்கோ நிறுவனம் 1954-இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது. 15 வருஷக் கூட்டு. 1969-இல் அது முடிந்ததும் முகப்பில் இருந்த மூன்று முனை நட்சத்திரம் போய், வட்டத்துக்குள் 'டி' எழுத்து வந்தது. ஊர்வாயில் மட்டும் பெயர் மாறவில்லை. அதற்குப் பிறகு வந்த டாடா லாரியையும் பல வருஷம் பென்ஸ் என்றே சொன்னார்கள். ஆகவே அப்பா சொன்னதும் சரி, அது நட்சத்திரம் போட்ட வண்டியாக இல்லாமல் இருந்தாலும் சரி.

முதலில் தேட வேண்டியது ஆர்.சி. புத்தகம். பீரோவிலோ, பழைய டிரங்குப் பெட்டியிலோ, கடைசியாக வண்டிக்குக் கடன் கொடுத்தவரிடமோ இருக்கலாம். அடுத்தது சேசிஸ் நம்பர். அது சேசிஸ் இரும்பிலேயே குத்தப்பட்டிருக்கும். துருவும் பெயின்டும் கிரீஸும் மேலே ஏறி மூடியிருக்கும். உளியும் கிரைண்டிங் கல்லும் அதன் பக்கம் போகவே கூடாது. மண்ணெண்ணெய் போட்டு ஊறவைத்து, நாரினால் தேய்த்து, துணியால் துடைத்தால் எழுத்து தெரியும். வெள்ளைத் தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் நம்பர் தாளில் இறங்கிவிடும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்கும் 'பென்சில் பிரின்ட்' இதுதான். நம்பர் கல்லால் தேய்ந்துபோனால், திருட்டு வண்டியோ என்ற சந்தேகத்துக்குப் பதில் சொல்லியே காலம் போய்விடும்.

எஞ்சின் நம்பரையும் அதேபோல எடுத்து ஆர்.சி.யோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் ஆச்சரியமில்லை. சரக்கு வண்டி நின்றால் வருமானம் நின்றுவிடும் என்பதால், எஞ்சின் போனால் பட்டறையில் தயாராக இருக்கும் வேறொன்றை ஏற்றிக்கொண்டு கிளம்புவது அந்தக் காலத்து வழக்கம். ஆர்.சி.யில் அதைப் பதியாமல் விட்டவர்கள் உண்டு.

உள்ளே இருப்பது எந்த எஞ்சின் என்பதை ஹெட்டைக் கழற்றும்போது ஒரு வெர்னியர் அளவுகோலே சொல்லிவிடும். டைம்லர்-பென்ஸ் வடிவமைத்த பழைய ஓ.எம். 312 எஞ்சினில் ஆறு சிலிண்டர். போர் 90 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 120. கொள்ளளவு சுமார் 4,580 சி.சி. அதன் வழியில் வந்த டாடா 692-இல் போர் 92 மில்லிமீட்டர், 4,788 சி.சி. பெயரிலேயே கணக்கு இருக்கிறது: 6 என்பது சிலிண்டர், 92 என்பது போர். பிறகு வந்த 697-இல் போர் 97, ஏறி இறங்கும் தூரம் 128, கொள்ளளவு 5,675 சி.சி. போர் 91 என்று வந்தால் குழம்ப வேண்டாம். தேய்ந்த சிலிண்டரை அரை மில்லி, ஒரு மில்லி என்று கடைந்து பெரிய பிஸ்டன் போடுவது பட்டறையில் வழக்கம்தான். இந்த அளவு தெரியாமல் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போகிறவர் கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வருவார், அது பொருந்தாது.

ஊரில் அந்த வண்டியை ஓட்டிய டிரைவரோ, கூடப் போன கிளீனரோ உயிரோடு இருந்தால் வாசகரின் மகன் ஒரு நாள் அவரோடு உட்கார்ந்து பேசுவது நல்லது. ஒரு கேள்வியை மறக்காமல் கேட்க வேண்டும்: "காலையில் ஹீட்டர் போட்டுத்தான் ஸ்டார்ட் செய்வீர்களா?" ஆம் என்றால் அது பெரும்பாலும் முன்அறை வைத்த பழைய வகை. 312-இல் டீசல் நேராக சிலிண்டருக்குள் போகாது. ஹெட்டில் உள்ள சின்ன அறையில் முதலில் எரியும். அந்த அறை குளிர்ந்திருந்தால் சூட்டுப் பிளக் இல்லாமல் எஞ்சின் பிடிக்காது. பிறகு வந்தவற்றில் டீசல் நேராகவே பாயும், ஹீட்டர் தேவைப்படாது. எந்த வருஷம் எஞ்சின் மாற்றினார்கள், கியர்பாக்ஸ் எங்கே உடைந்தது, கடைசியில் ஏன் நிறுத்தினார்கள் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். எந்தக் கோப்பிலும் கிடைக்காது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தப்பட்டதா, சூடேறி அடைபட்டு நின்றதா என்பதைப் பொறுத்துச் செலவு பல மடங்கு மாறும்.

கேபினைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் கால லாரிகள் பலவும் தொழிற்சாலையிலிருந்து முகப்பும் சேசிஸும் மட்டுமாக வந்தவை. டிரைவர் நாற்காலி கட்டி, முகத்தில் துண்டு சுற்றி ஓட்டி வருவார்கள். மரச்சட்டம் போட்டுத் தகரம் அடித்துக் கேபினும் பாடியும் கட்டியது நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பட்டறைகள். ஆகவே 'ஒரிஜினல்' கேபின் எப்படி இருந்தது என்று கம்பெனிப் புத்தகத்தில் தேடிப் பயனில்லை. வீட்டுக் கல்யாண ஆல்பத்திலும், புது லாரிக்கு மாலை போட்டு எடுத்த போட்டோவிலும்தான் அது இருக்கும்.

இப்போது மகனின் ஆசைக்கு வரலாம். வண்டியை ஓட்டிக் கிழங்கு ஏற்ற முடியுமா? காகிதத்தில் வழி அடைபடவில்லை, நடப்பில் அது மலையேற்றம். தகுதிச் சான்று, காப்பீடு, வரி, பர்மிட், புகைச் சான்று அத்தனையும் வேண்டும். 15 வருஷம் தாண்டிய கனரக வண்டிக்குத் தகுதிச் சான்றுக் கட்டணமே பல மடங்கு. வண்டி ஓடவில்லை என்று அப்போதே எழுதிக் கொடுக்காமல் விட்டிருந்தால் வரி பாக்கியும் ஏறியிருக்கலாம். இதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் விசாரித்து எழுத்தில் வாங்காமல் ஒரு போல்ட் கூடக் கழற்ற வேண்டாம்.

'விண்டேஜ்' வண்டி என்று பதிந்துகொள்ளலாமே என்று யாராவது சொல்வார்கள். 50 வருஷம் கடந்த வண்டிகளுக்காக 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த அந்த விதி இருசக்கர வண்டிகளுக்கும் கார் வகைக்கும் மட்டுமே. சரக்கு லாரி அதில் வராது. கார்களுக்கும்கூடக் கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் அனுமதி; வாடகைக்கோ தினசரி ஓட்டத்துக்கோ இல்லை. 'ரோட்டுக்குப் போனால்தானே, தோட்டத்துக்குள் ஓட்டினால் யார் கேட்பது' என்ற பேச்சும் வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-வது பிரிவு பொது இடத்திலோ வேறு எந்த இடத்திலோ பதிவில்லாத வண்டியை ஓட்டக்கூடாது என்றே சொல்கிறது. காப்பீடு இல்லாத வண்டி, தோட்டத்தில் வேலைக்கு வந்தவர் மேல் ஏறிவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வது என்பதையும் யோசிக்க வேண்டும்.

தம்பி சொல்வதுபோல விற்பதானாலும் காகிதம் முதலில். அப்பா பெயரில் இருக்கும் வண்டியை ஒரு பிள்ளை மட்டும் விற்க முடியாது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வைத்து, படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். அக்கா தங்கைகளும் வாரிசுதான் என்பது நகை பிரிக்கும்போது நினைவுக்கு வருகிறது, லாரி விற்கும்போது மறந்துவிடுகிறது. வண்டி இனி ஓடாது என்றால் 55-வது பிரிவின்படி பதிவையே ரத்து செய்துகொள்ளலாம். அரசிடம் பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் கொடுத்தால் அதற்கான சான்று தருவார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு ஆர்.சி.யையும் சேர்த்துக் கடைக்காரரிடம் கொடுத்தனுப்புவது ஆபத்து. அந்த நம்பரும் சேசிஸ் துண்டும் வேறு வண்டியில் ஏறினால் போலீஸ் தேடி வருவது பதிவில் உள்ள பெயரைத்தான். விபத்து இழப்பீட்டிலும் பதிவில் யார் பெயரோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

'மொத்தமாக ஒரு விலை' என்பதற்கு ஒத்துக்கொள்ளவே கூடாது. ஆர்.சி.யில் வண்டியின் வெற்று எடை எழுதியிருக்கும். பாடி மரம், இல்லாத டயர், கழன்றுபோன சாமான் எவ்வளவு என்று கழித்தால் இரும்பு எத்தனை டன் என்று வீட்டிலேயே கணக்குப் போடலாம். விற்கும் நாளில் எடைமேடைச் சீட்டு வாங்க வேண்டும். ரேடியேட்டரில் பித்தளையும் செம்பும் இருக்கிறது. ஸ்டார்ட்டர், டைனமோ உள்ளே செம்புக்கம்பி. இவற்றை இரும்பு எடையோடு சேர்த்துப் போட்டுவிடுவதில்தான் வியாபாரிக்கு லாபமே. தனியாகக் கழற்றி, தனி விலைக்குக் கொடுக்க வேண்டும்.

வாசகரின் கிணற்று யோசனைக்குச் சுருக்கமான பதில்: வேண்டாம். 5 குதிரைத்திறன் பம்ப்புக்குச் சரியான அளவு டீசல் எஞ்சின் மணிக்கு ஒன்றேகால் லிட்டர் அளவில் முடித்துவிடும். ஆறு சிலிண்டர் லாரி எஞ்சின் தன்னைத் தானே சுற்றிக்கொள்வதற்கே கணிசமாக எரிக்கும். அரைகுறைச் சுமையில் நாள் முழுக்க ஓடினால் நாசில் கரி பிடிக்கும், ஆயில் கெடும். இலவச மின் இணைப்பு உள்ள கிணற்றுக்கு இது தேவையே இல்லை. மின்சாரம் இல்லாத இடத்தில் கரும்பு ஆலையோ மரமறுக்கும் பட்டறையோ ஓட்டப் பெரிய விசை வேண்டுமென்றால் மட்டும் யோசிக்கலாம்.

அப்படியானால் மகனுக்கு என்ன வேலை? எஞ்சினை எழுப்பலாம். வண்டியை நகர்த்தாமல், நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவைப்பது படிக்கிற பையனுக்கு நல்ல பயிற்சி. பிறகு வண்டியாகவோ எஞ்சினாகவோ விற்றாலும், ஓடுகிற எஞ்சினுக்குக் கிடைப்பது வேறு விலை. ஆனால் தவறான கையால் ஒரு மணி நேரத்தில் எஞ்சினை இரும்பாக்கிவிடவும் முடியும்.

கொட்டகையைச் சுத்தம் செய்யும்போதே கவனம் வேண்டும். 28 வருஷமாக நிற்கும் கேபின் பாம்புக்கும் குளவிக்கும் வீடு. அடுத்து சக்கரம். அந்தக் கால லாரி ரிம் ஒரே துண்டல்ல. டயரைப் பிடித்து நிறுத்த ஒரு பூட்டு வளையம் தனியாக இருக்கும். துருப்பிடித்த வளையத்தோடு காற்று அடித்தால் அது தெறித்து ஆளைக் கொல்லும். கழற்றுவதற்கு முன் வால்வு ஊசியை எடுத்துக் காற்றை முழுக்க விட வேண்டும். காற்று அடிப்பது டயர் கடையில், இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான். பிரேக் டிரம்மைத் திறந்தால் உள்ளே உள்ள தூசியைக் காற்றடித்து ஊதக்கூடாது. பழைய லைனிங்கில் கல்நார் இருக்கும், அது நுரையீரலுக்கு எமன். ஈரத்துணியால் துடைக்க வேண்டும். எஞ்சினை வெளியே எடுப்பதானால் கொட்டகையின் தென்னை உத்தரத்தில் செயின் பிளாக் மாட்டக்கூடாது. சில நூறு கிலோ எடை. கூரையோடு சேர்ந்து இறங்கும்.

எஞ்சினில் முதல் விதி: டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்ய முயலக்கூடாது. ஊரில் எல்லோரும் முதலில் சொல்லும் யோசனை இதுதான், எஞ்சினைக் கெடுப்பதும் இதுதான். உள்ளே ரிங் ஒட்டியிருக்கும், வால்வு இறுகியிருக்கும். இழுத்த வேகத்தில் புஷ் ராட் வளையும், பிஸ்டன் உடையும். சரியான முறை பொறுமையானது. ஆறு நாசிலையும் கழற்றி, ஒவ்வொரு துவாரத்திலும் டீசலும் எஞ்சின் ஆயிலும் சமமாகக் கலந்து ஊற்றி ஒரு வாரம் ஊறவிட வேண்டும். வற்றினால் மறுபடி ஊற்ற வேண்டும். அந்த ஒரு வாரத்தில் ராக்கர் கவரைத் திறந்து வால்வுகளுக்கும் எண்ணெய் விட்டு, ஒவ்வொன்றாக அழுத்தி மீள்கிறதா என்று பார்க்கலாம். சம்பை இறக்கும்போது முதலில் தண்ணீர் வருகிறதா, ஆயில் மோர்போல வெளுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டில் எது இருந்தாலும் லைனர் சீலோ ஹெட் கேஸ்கட்டோ போயிருக்கிறது. தொடர்ந்து சுற்றாமல் பிரித்துவிடுவதே நல்லது.

பிறகு நாசில் இல்லாமலே, கையால், நீண்ட இரும்புக் கம்பி வைத்து ஃப்ளைவீலை முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். ஒரு விரல் அளவு அசைந்தால் போதும், மறுநாள் இன்னும் கொஞ்சம் அசையும். முழுச் சுற்று வந்தபின் பேரிங் தொப்பியைக் கழற்றி கிராங்க்கை மைக்ரோமீட்டரில் அளந்தால், லேத் பட்டறையில் தேய்த்துக் குறைந்த அளவு பேரிங் போட வேண்டுமா என்பது தெரியும். இந்த அளவுகளையெல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டே போக வேண்டும். எஞ்சினை வாங்க வருகிறவர் போட்டோவைவிட இந்த நோட்டைத்தான் நம்புவார்.

டீசல் பம்ப்பைத் தோட்டத்தில் பிரிக்கவே கூடாது. பழைய டீசல் பிசினாகி உள்ளே பிளஞ்சர்கள் ஒட்டியிருக்கும். அது மயிரிழை அளவுக்குக் கடைந்த பொருள். பம்ப் காலிபரேஷன் செய்யும் கடைக்கு அப்படியே கொண்டுபோக வேண்டும். சிக்கனம் பார்த்து அதைக் கழுவி மாட்டினால் வேறொரு ஆபத்து இருக்கிறது. பம்ப்பின் உள்ளே உள்ள ராக், முழு டீசல் விடும் நிலையில் சிக்கிக்கொண்டால் எஞ்சின் பிடித்தவுடன் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. டீசலுக்கும் காற்றுக்கும்தான் அது கட்டுப்படும். ஆகவே முதல் ஸ்டார்ட்டின்போது, காற்று உள்ளே போகும் வாயை முழுக்க மூடும் அளவில் கனமான பலகை ஒன்றில் டியூப் ரப்பர் அடித்துத் தயாராக ஒருவர் நிற்க வேண்டும். துணியைத் திணித்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும், கையை வைத்தால் கை போகும்.

வடித்த பழைய ஆயிலைக் கிணற்றுப் பக்கமோ வாய்க்காலிலோ கொட்டக்கூடாது. டின்னில் பிடித்து, கழிவு ஆயில் வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும். மாட்டுப் புண்ணில் வேஸ்ட் ஆயில் தடவும் பழக்கம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. அதில் உலோகத் துகளும் விஷமும் இருக்கிறது, மாடு நக்கும். வேப்பெண்ணெய் இருக்க இது எதற்கு?

பணத்தைப் பற்றி ஒரே ஒரு எல்லை. ஊறவைத்து, சுற்றி, அளந்து பார்ப்பது வரை செலவு சில ஆயிரங்களில் நிற்கும். அதற்கு மேல் போர், பேரிங், பம்ப் என்று போகும்போது நகைக்கடனோ பயிர்க்கடனோ எடுத்துப் போடக்கூடாது. கிழங்கு விற்ற காசில் மிச்சம் இருந்தால் அடுத்த வருஷம் செய்துகொள்ளலாம். தார்ப்பாயில் மூடி, சிலிண்டரில் எண்ணெய் விட்டு, மாதம் ஒருமுறை கையால் சுற்றிவிட்டால் அந்த எஞ்சின் இன்னும் பத்து வருஷம் காத்திருக்கும். தம்பிக்கு உடனே பணம் தேவை என்றால் அதை வேறு வழியில் தீர்க்கப் பார்ப்பது நல்லது. இறப்புச் சடங்கின் கடன் அடைக்க அவசரத்தில் விற்ற லாரியை எந்தக் குடும்பமும் நல்ல விலைக்கு விற்றதில்லை.

கேள்வி: "எங்கள் ஊர் ரைஸ் மில்லில் பழைய லேலண்ட் கோமெட் எஞ்சின் ஒன்று கிடக்கிறது. டிராக்டர் மெக்கானிக் கொண்டுவந்த ஸ்பேனர் ஒன்றும் சரியாகப் பிடிக்கவில்லை. நட்டுகள் உருண்டுபோகின்றன. வேறு செட் வேண்டுமா?" (தஞ்சை மாவட்ட வாசகி)

பதில்: ஆமாம், வேலையை இப்போதே நிறுத்திவிடுங்கள். கோமெட் இங்கிலாந்தின் லேலண்ட் வடிவமைப்பு. சென்னை எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதற்காக 1948-இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ்தான் பிறகு அதைச் செய்தது. 1951-இல் அங்கே முதலில் பூட்டிய லேலண்ட் வண்டிகள் நான்கும் மங்களூரில் உள்ள ஓட்டுத் தொழிற்சாலைக்குப் போன டிப்பர்கள். 1955-இல் கம்பெனி பெயர் அசோக் லேலண்ட் ஆனது. டாடா-பென்ஸ் முழுக்க மில்லிமீட்டர் கணக்கு, இது அங்குலக் கணக்கு. அங்குலத்திலும் ஒரே வகை மரை இல்லை. பழைய பிரிட்டிஷ் மரைக்கான விட்வொர்த் ஸ்பேனரில் 3/8 என்று அடித்திருந்தால் அது போல்ட்டின் தடிமன். நட்டின் அகலம் அல்ல. மற்ற அங்குல ஸ்பேனரில் அதே எண் நட்டின் அகலத்தைக் குறிக்கும். இரண்டையும் கலந்து வைத்திருப்பதுதான் நட்டு உருள்வதற்குக் காரணம். பழைய லாரிப் பட்டறையில் விட்வொர்த் ரிங் ஸ்பேனர் செட் இரவல் கேட்டுப் பாருங்கள். உருண்டுபோன நட்டுக்கு இரண்டு நாள் டீசல் விட்டு ஊறவைத்து, சூடுகாட்டி, ஆறுபட்டை சாக்கெட்டால் திருப்ப வேண்டும். கழற்றிய போல்ட்டை, கழற்றிய துவாரத்திலேயே கையால் இரண்டு மரை ஏற்றி வைத்துவிடுங்கள். ஒரே தடிமனில் வேறு மரை உள்ள போல்ட் அந்த எஞ்சினில் இருக்கலாம். மாற்றிப்போட்டு இறுக்கினால் ஹெட்டில் உள்ள மரை போய்விடும்.